வெளிக்கோப்புகள் பில்டுக்குள் வராமல் போனது எப்படி: மேல்விஷாரம் டேனரி நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பதனிட்டு முடிந்த தோலை அளக்கும் மிஷினில் விட்டுச் சதுர அடி எடுப்பது, கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்கோடு லேபிள் ஒட்டுவது, வண்டி ஏற்றும்போது சலான் போடுவது. மேல்விஷாரத்து டேனரி ஒன்றில் இந்த மூன்றையும் ஒரே மென்பொருள் செய்ய வேண்டும். எழுதியது வேலூர் சத்துவாச்சாரியில் மூன்று பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 8, திரைகள் அமைக்க விண்டோஸ் ஃபார்ம்ஸ். நிரல்பகுதிகளை ஒன்றாக வைத்திருக்கும் சொல்யூஷனுக்குள் இரண்டு புராஜெக்ட்: மிஷினோடு பேசும் 'அளவை' என்ற லைப்ரரி, திரையும் அச்சும் கொண்ட 'சலான்' என்ற நிரல்.

இவை இரண்டிலும் எழுதப்படாத, வெளியிலிருந்து வந்த கோப்புகள் மூன்று. முதலாவது, மிஷின் தயாரிப்பாளர் கொடுத்த 32-பிட் டிஎல்எல், அதாவது வேறு நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்கோப்பு. சி++ வகை, டாட்நெட்டில் தொகுத்த கோப்பான அசெம்பிளி அல்ல. இந்த வேறுபாடுதான் பின்னால் பெரிதாகிறது. இரண்டாவது, ஊர், தாலுகா, மாவட்டம் அடங்கிய ஜேசன் (எழுத்து வடிவத் தரவுக்கோப்பு) பட்டியல். மூன்றாவது, கோட் 39 பார்கோடு எழுத்துரு. மூன்றும் சொல்யூஷன் ஃபோல்டரில் 'வெளி' என்ற ஃபோல்டருக்குள் இருந்தன.

சத்துவாச்சாரியில் எல்லாம் ஓடியது. டேனரி கணினியில் நிறுவிய முதல் நாளே மூன்று குறைகள் வெளிப்பட்டன. 'அளவு எடு' பொத்தானை அழுத்தினால் டிஎல்எல் கிடைக்கவில்லை என்று நிரல் நின்றது. லேபிளில் கறுப்புக் கோடுகளுக்குப் பதிலாக இரு பக்கமும் நட்சத்திரக் குறியுடன் வெறும் எண் அச்சானது. சலானில் வாணியம்பாடி, ஆம்பூர் முகவரிகளுக்கு வேலூர் மாவட்டம் என்று வந்தது. மேல்விஷாரத்துக்கே வேலூர் மாவட்டம் என்றுதான் வந்தது. 2019 நவம்பரிலேயே வேலூர் மூன்றாகப் பிரிந்து, ஆற்காடு தாலுகாவில் உள்ள மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. புதிய பட்டியல்தான் புராஜெக்டில் இருக்கிறது என்று அலுவலகத்தில் சத்தியம் செய்தார்கள். அதுவும் உண்மைதான்.

பார்த்தால் மூன்றும் ஒரே குறை மாதிரி தெரியும்: கோப்பு போய்ச் சேரவில்லை. ஆனால் ஒன்று போகவேயில்லை. ஒன்றின் பழைய பிரதி போயிற்று. ஒன்று சரியாகப் போயும் நிரல் அதை வேறு இடத்தில் தேடியது. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுதான் குணமாகும்.

சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகளையும் பண்புகளையும் இங்கே ஒலிப்பெயர்த்துத் தமிழில் எழுதியிருக்கிறோம். புராஜெக்ட் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல் எழுத வேண்டும். மூலநிரலை ஓடும் நிரலாகத் தொகுக்கும் வேலை பில்ட்; அதன் முடிவு வந்து விழும் 'பின்' ஃபோல்டரை அவுட்புட் ஃபோல்டர் என்றே அழைப்போம். 'பின்' என்று எழுதினால் பிறகு என்று படித்துவிடுகிறார்கள்.

டிஎல்எல்: நான்கு சுவர்

நீண்ட நேரம் தின்றது இதுதான். ஒரு தடையை நீக்கினால் அடுத்தது நின்றது.

'அளவை' புராஜெக்டில், பில்ட் முடிந்ததும் ஓடும் போஸ்ட்-பில்ட் கட்டளையாக, கோப்பை நகலெடுக்கும் ஒரு எக்ஸ்காப்பி வரி இருந்தது. 'வெளி' ஃபோல்டரிலிருந்து டிஎல்எல்லை எடுத்து 'டார்கெட் டிர்' என்ற மாறி காட்டும் இடத்தில் போடு என்பது அதன் பொருள். சிக்கல் என்னவென்றால் அந்த மாறி காட்டுவது 'அளவை'யின் சொந்த அவுட்புட் ஃபோல்டரை. ஓடும் நிரலோ 'சலான்'. ஒரு புராஜெக்ட் இன்னொன்றைச் சார்ந்திருக்கும்போது பில்டை நடத்தும் கருவியான எம்எஸ்பில்ட் அந்த லைப்ரரியின் டிஎல்எல்லையும், பிழை தேட உதவும் பிடிபி கோப்பையும் எடுத்து வரும். அது சார்ந்திருக்கும் டாட்நெட் அசெம்பிளிகளையும் தேடிப் பிடித்து வரும். பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த சி++ டிஎல்எல்லைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதை எந்தப் புராஜெக்டும் அறிவிக்கவில்லை.

அப்படியானால் அலுவலகத்தில் எப்படி ஓடியது? எப்போதோ ஒருவர் 'சலான்' அவுட்புட் ஃபோல்டரில் அதைக் கையால் ஒட்டியிருக்கிறார். தனக்குத் தெரியாத கோப்பை பில்ட் அழிக்காது. 'க்ளீன்' கொடுத்தாலும் அழிக்காது. 'க்ளீன்' நீக்குவது, தான் எழுதியதாக, இடைநிலைக் கோப்புகள் சேரும் 'ஆப்ஜ்' ஃபோல்டரில் உள்ள பட்டியலில் குறித்து வைத்திருப்பவற்றை மட்டும்தான். ஆகவே அந்த ஒட்டுக்கோப்பு மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, எல்லோரையும் நம்ப வைத்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நேர்வழிதான்: வேறொரு ஃபோல்டரில், பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டராக இருந்தால் இன்னும் நல்லது, மூலநிரலைச் சேமித்து வைக்கும் கிட்டிலிருந்து புதிதாக க்ளோன் (முழுப் பிரதி) எடுத்து பில்ட் செய்வது. இடைவெளி எதற்கு என்றால், மேற்கோள் குறி விட்டுப்போன எக்ஸ்காப்பி வரிகள் அங்கேதான் உடையும். மேற்கோள் போட்டாலும் ஒரு பொறி உண்டு. 'டார்கெட் டிர்' எப்போதும் பின்சாய்வுக் கோட்டில் முடியும். அதை அடுத்து உடனே மூடும் மேற்கோள் வந்தால் ரோபோகாப்பி போன்ற நகலெடுக்கும் கருவிகள் அந்த மேற்கோளைப் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும்.

புதிய க்ளோனில் இரண்டாவது சுவர் தெரிந்தது: 'வெளி' ஃபோல்டருக்குள் டிஎல்எல்லே இல்லை. கிட் எவற்றை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் கோப்பு கிட்இக்னோர். நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவுக்கென்று எல்லோரும் எடுத்துப் போடும் அதன் வார்ப்பில் (டெம்ப்ளேட்) 'எக்ஸ்64', 'எக்ஸ்86' என்ற பெயருள்ள ஃபோல்டர்களைத் தவிர்க்கச் சொல்லும் வரிகள் இருக்கின்றன. அவை பில்ட் முடிவு ஃபோல்டர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இவர்கள் டிஎல்எல்லை ஒழுங்காக 'வெளி\எக்ஸ்86' என்று வைத்திருந்தார்கள். ஒழுங்கே வினையாயிற்று. 'கிட் செக்-இக்னோர்' கட்டளையை '-வி' சேர்த்து அந்தப் பாதையோடு கொடுத்தால், எந்தக் கோப்பின் எந்த வரி அதைத் தள்ளுகிறது என்று சொல்லிவிடும். அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஆச்சரியக்குறி போட்ட விதிவிலக்கு வரி சேர்த்தார்கள்.

கோப்பே இல்லாதபோது எக்ஸ்காப்பி தோற்று, பில்ட் எம்எஸ்பி3073 என்ற பிழையோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. போஸ்ட்-பில்ட் கட்டளையின் கடைசியில் 'எக்ஸிட் 0' என்று ஒரு வரி. அதற்கும் ஒரு காரணம் இருந்தது: முதலில் அங்கே ரோபோகாப்பி இருந்தது. ரோபோகாப்பி கோப்பை வெற்றிகரமாக நகலெடுத்தால் 1 என்று திருப்பும். 8-க்குக் கீழ் உள்ள எண்கள் தோல்வி அல்ல. எம்எஸ்பில்டுக்கோ 0 தவிர எல்லாமே தோல்வி. அதைச் சமாளிக்கப் போட்ட வரி, பின்னர் கருவி மாறியும் அங்கேயே தங்கி, உண்மையான தோல்வியையும் விழுங்கியது. ரோபோகாப்பி கட்டாயம் வேண்டுமென்றால் 8-க்குக் குறைவானதை மட்டும் 0 ஆக்க வேண்டும், எல்லாவற்றையும் அல்ல.

மூன்றாவது சுவர் பிட். டிஎல்எல் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் 'டிஎல்எல் நாட் ஃபவுண்ட்' போய் 'பேட் இமேஜ் ஃபார்மட்' வந்தது. பிழை மாறியது முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்: கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் 64-பிட் செயலாக்கத்துக்குள் 32-பிட் டிஎல்எல் நுழைய முடியாது. அலுவலகத்தில் விஷுவல் ஸ்டூடியோவில் எக்ஸ்86 என்று தேர்ந்திருந்தார்கள். வெளியே கொடுக்க நிரலைத் தயார் செய்யும் பப்ளிஷ் வேலையில் எதுவும் குறிப்பிடாததால் 64-பிட் நிரல் உருவானது. 'சலான்' புராஜெக்ட் கோப்பிலேயே 'ரன்டைம் ஐடென்டிஃபையர்' பண்புக்கு 'வின்-எக்ஸ்86' என்று எழுதியதும் இது தீர்ந்தது. யார், எந்தக் கணினியில் பில்ட் செய்தாலும் இனி அதுவே. கூடவே நினைவில் வைக்க வேண்டியது: நிரல் ஓடத் தேவையான டாட்நெட் ரன்டைமைத் தனியாக நிறுவும் முறை என்றால் டேனரி கணினியில் 32-பிட் டெஸ்க்டாப் ரன்டைம் இருக்க வேண்டும். 64-பிட் ரன்டைம் ஏற்கெனவே இருப்பது இதற்கு உதவாது.

நான்காவது, சி++ ரன்டைம். 'டிஎல்எல் அல்லது அது சார்ந்தவற்றில் ஒன்று கிடைக்கவில்லை' என்ற செய்தியில் பலரும் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். டிஎல்எல் இருந்தது, அது சார்ந்த விஷுவல் சி++ ரன்டைம் டேனரி கணினியில் இல்லை. நிரல் எழுதும் கணினியில் விஷுவல் ஸ்டூடியோவோடு அது தானாகவே வந்துவிடுவதால் அங்கே இந்தக் குறை தலைகாட்டாது. 'டம்ப்பின்' கருவியில் 'டிபெண்டன்ட்ஸ்' என்று கேட்டால் ஒரு டிஎல்எல் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். அந்த ரன்டைமை நிறுவும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பின் 32-பிட் பதிப்பை நிறுவிய பிறகுதான் மிஷினிலிருந்து முதல் அளவு திரைக்கு வந்தது.

பட்டியல்: புதியது எது?

ஜேசன் கோப்புக்கு முறையான வழிதான் பயன்பட்டிருந்தது. 'காப்பி டு அவுட்புட் டைரக்டரி' என்ற பண்பு, மதிப்பு 'பிரிசர்வ் நியூவெஸ்ட்'. மூலக்கோப்பு புதிதாக இருந்தால் மட்டும் நகலெடு என்று பொருள். இங்கே 'புதிது' என்பது உள்ளடக்கம் அல்ல. கோப்பின் திருத்த நேரம்.

ரிலீஸ் எடுக்கும் கணினியில் பழைய பட்டியல் 2023-இல் கிட்டிலிருந்து இறங்கியது. கிட் இறக்கும் கோப்புக்கு இறக்கிய நேரமே திருத்த நேரமாகும். எம்எஸ்பில்ட் நகலெடுக்கும்போது மூலத்தின் நேரம் அப்படியே பிரதிக்கும் போகும். ஆக அவுட்புட் ஃபோல்டரில் உள்ள பழைய பட்டியலின் தேதி 2023. புதிய பட்டியலை டேனரியின் கணக்குப் பிரிவு ஜிப் கோப்பில் அனுப்பியது. மாவட்டப் பிரிவினைக்குப் பின் 2019 டிசம்பரில் தயாரித்தது. ஜிப்பைப் பிரித்தால் உள்ளே பதிவான நேரம் காப்பாற்றப்படும். இப்போது எம்எஸ்பில்ட் ஒப்பிடுகிறது: மூலம் 2019, பிரதி 2023. பிரதிதான் புதியது, நகலெடுக்க வேண்டியதில்லை. பப்ளிஷ் ஃபோல்டரிலும் அதே கணக்கு, அதே முடிவு. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

'ஆல்வேஸ்' என்று மாற்றிவிட்டால் போயிற்று என்பது முதலில் வரும் யோசனை. இந்தச் சிறிய கோப்புக்கு அது தீங்கில்லை என்று தோன்றும். ஆனால் 'ஆல்வேஸ்' உள்ள புராஜெக்டை விஷுவல் ஸ்டூடியோவின் பழைய பதிப்புகள் எப்போதும் காலாவதியானதாகவே கருதும். அவற்றில் ஒரு எழுத்தும் மாற்றாமல், நிரலை ஓட்டும் எஃப்5 விசையை அழுத்தினாலும் பில்ட் ஓடும், அதைச் சார்ந்த புராஜெக்டுகளும் கூடவே. எம்எஸ்பில்டின் அண்மைப் பதிப்புகளில் 'இஃப் டிஃபரன்ட்' என்ற மதிப்பு வந்திருக்கிறது. நேரம் முன்னே போனாலும் பின்னே போனாலும் மூலமும் பிரதியும் வேறுபட்டால் நகலெடுக்கும். இவர்களிடம் இருந்த எம்எஸ்பில்ட் பழையது என்பதால் இங்கே அதைப் பயன்படுத்தவில்லை. எடுத்த முடிவு எளிது: ரிலீஸ் என்றால் அவுட்புட், ஆப்ஜ், பப்ளிஷ் மூன்று ஃபோல்டரையும் அழித்துவிட்டுத்தான் பப்ளிஷ். காலியான இடத்தில் ஒப்பிடப் பழைய பிரதியே இல்லை.

இதைத் தோண்டும்போது தட்டுப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கட்டு விவரங்களைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுக்கோப்பும் புராஜெக்டில் 'ஆல்வேஸ்' என்று இருந்தது. சோதனையில் சேமித்த கட்டுகள் அடுத்த பில்டில் காணாமல் போவதாக நெடுநாள் புகார் இருந்ததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு பில்டும் காலித் தரவுக்கோப்பை அதன் மேலே எழுதியது. அதைவிட மோசம், பப்ளிஷ் ஃபோல்டரிலும் அந்தக் காலிக் கோப்பு இருந்தது. அடுத்த அப்டேட்டை டேனரி கணினியில் பழையதன் மேலே ஒட்டியிருந்தால் அதுவரை அளந்த தோல் கணக்கு முழுவதும் போயிருக்கும். இப்போது வார்ப்புக் கோப்புக்குத் தனிப் பெயர். உண்மையான தரவு 'புரோகிராம் டேட்டா' ஃபோல்டரில். அங்கே இல்லாவிட்டால் மட்டும் வார்ப்பிலிருந்து ஒன்று உருவாகும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே சாதாரணப் பயனரால் எழுத முடியாது என்பதால் எப்படியும் அது அங்கே இருந்திருக்கக் கூடாது.

எழுத்துரு: வந்தும் காணாதது

எழுத்துருக் கோப்பு டேனரி கணினியில் சரியான இடத்தில் இருந்தது. நிரல் அதை 'ஃபாண்ட்ஸ்\' என்று தொடங்கும் ஒப்பீட்டுப் பாதையில் தேடியது. ஒப்பீடு எதோடு? நிரல் இருக்கும் இடத்தோடு அல்ல, நடப்பு ஃபோல்டரோடு. விஷுவல் ஸ்டூடியோவிலிருந்து ஓட்டினால் நடப்பு ஃபோல்டர் அவுட்புட் ஃபோல்டரேதான். ஆகவே அங்கே பொருந்திவிடும். டேனரியில் காலை கணினி திறந்ததும் நிரல் தானாக ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைத்திருந்தார்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டம் காலி. அப்போது நடப்பு ஃபோல்டர் விண்டோஸின் 'சிஸ்டம்32'. அங்கே யார் பார்கோடு எழுத்துரு வைத்திருப்பார்கள்?

கோப்பு கிடைக்காத பிழையை நிரல் பிடித்து, சாதாரண எழுத்துருவுக்கு மாறிக்கொண்டது. தமிழ் எழுத்துக்கு அப்படிச் செய்தால் அழகு குறையும், அவ்வளவுதான். கோட் 39 எழுத்துருவில் எழுத்தே கோடு. தொடக்கமும் முடிவுமான நட்சத்திரக் குறி, நடுவே எண் எல்லாம் சாதாரண எழுத்தாக அச்சாகி, ஸ்கேனர் படிக்க எதுவும் இல்லாமல் போனது. இந்த இடத்தில் மாற்று எழுத்துரு தருவது உதவி அல்ல, மறைப்பு.

திருத்தம்: 'ஆப் கான்டெக்ஸ்ட்' வகுப்பின் 'பேஸ் டைரக்டரி'யோடு பாதையைச் சேர்த்துத் தேடுவது.  'ஸ்டார்ட் இன்' கட்டத்தை நிரப்பியும் தீர்க்கலாம்; ஆனால் அடுத்த கணினியில் அதை நிரப்ப யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும்.

புராஜெக்ட் கோப்பில் மாற்றியவை

போஸ்ட்-பில்ட் கட்டளை முழுவதும் நீங்கியது. டிஎல்எல்லும் பட்டியலும் எழுத்துருவும் 'நன்' என்ற வகை உருப்படிகளாக அறிவிக்கப்பட்டன. பில்டில் தொகுக்க வேண்டியது எதுவுமில்லை, சும்மா உடன் வரும் கோப்பு என்பது அந்த வகையின் பொருள். ஒவ்வொன்றுக்கும் 'இன்க்ளூட்' பண்பில் '..\வெளி\' என்று தொடங்கும் பாதை, 'லிங்க்' பண்பில் அவுட்புட்டில் வந்து அமர வேண்டிய பெயர், 'காப்பி டு அவுட்புட் டைரக்டரி'யில் 'பிரிசர்வ் நியூவெஸ்ட்'.

டிஎல்எல் அறிவிப்பு 'அளவை'யில்தான் இருக்கிறது, ஆனாலும் 'சலான்' அவுட்புட்டுக்கும் பப்ளிஷுக்கும் வந்து சேர்கிறது. இப்படி அறிவித்த கோப்புகள் புராஜெக்ட் சார்பின் வழியே மேலே போகும். எக்ஸ்காப்பி போட்டது போகாது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். 'க்ளீன்' கொடுத்தால் இவை அழிவதும் கூடுதல் ஆதாயம்.

'இன்க்ளூட்' பாதை புராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். 'சொல்யூஷன் டிர்' மாறியைத் தவிர்த்ததற்குக் காரணம், கட்டளை வரியில் புராஜெக்டை மட்டும் தனியே பில்ட் செய்தால் அந்த மாறிக்குச் சரியான மதிப்பு இருக்காது.

'லிங்க்' பண்பில் 'எக்ஸ்86\' என்று முன்னொட்டு வைத்தால் டிஎல்எல் அந்த உள்ஃபோல்டருக்குப் போய்விடும். நிரல் தேடுவதோ தன் பக்கத்தில். ஆகவே வெறும் பெயர். எழுத்துருக்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இரட்டை நட்சத்திரப் பாதையும் 'லிங்க் பேஸ்' பண்பும் வசதி. உள்ஃபோல்டர் அமைப்பு அப்படியே வரும். ஆனால் கட்டாயம் வேண்டிய கோப்புக்கு நட்சத்திரக் குறி வேண்டாம். முழுப் பெயரை எழுதி, கோப்பு இல்லாவிட்டால் பில்ட் எம்எஸ்பி3030 என்று நின்றுவிடும். நட்சத்திரம் போட்டு எதுவும் பொருந்தாவிட்டால் பூஜ்யம் கோப்பு என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். கிட்இக்னோர் விழுங்கிய டிஎல்எல்லை இந்த ஒரு வேறுபாடு முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

புராஜெக்ட் ஃபோல்டருக்கு உள்ளேயே இருக்கும் கோப்பு என்றால் 'இன்க்ளூட்' அல்ல, 'அப்டேட்'. புதிய வகை புராஜெக்டில் அது ஏற்கெனவே தானாகச் சேர்ந்திருக்கும்.

இடையில் ஒருமுறை பில்ட், நகலெடுக்க முடியவில்லை என்று பத்து முறை முயன்று எம்எஸ்பி3027-இல் தோற்றது. மிஷினோடு பேசிக்கொண்டிருந்த பழைய நிரல் டாஸ்க் மேனேஜரில் மூடப்படாமல் டிஎல்எல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சரிபார்ப்பு

புதிய க்ளோன், காலியான ஃபோல்டருக்கு பப்ளிஷ், அதை விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் வைத்து ஓட்டம். சாண்ட்பாக்ஸ் ஒவ்வொரு முறையும் வெறும் விண்டோஸாகத் திறப்பதால் விட்டுப்போன ரன்டைம்கள் அங்கே ஒளிய முடியாது. விண்டோஸ் புரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை. மூன்று கோப்புகளுக்கும் 'செர்ட்யூட்டில்' கட்டளையின் 'ஹாஷ்ஃபைல்' வழியே, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஷா256 மதிப்பு எடுத்து, 'வெளி' ஃபோல்டரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார்கள். தேதியை நம்பி ஏமாந்த பிறகு தேதியைப் பார்த்துச் சரிபார்ப்பதில் பொருளில்லை. எந்தக் கோப்பு எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் பில்ட் கட்டளையோடு '-பிஎல்' சேர்த்து, கிடைக்கும் பைனரி லாகை ஸ்ட்ரக்சர்ட் லாக் வியூவரில் திறந்து கோப்பின் பெயரைத் தேடலாம். நகலெடுக்காமல் தாண்டிப் போனதும் அதில் தெரியும்.

நிரல் தொடங்கும்போதே மூன்று கோப்புகளின் முழுப் பாதை, அவை இருக்கின்றனவா, செயலாக்கம் 32-பிட்டா என்று லாகில் நான்கு வரி எழுதும்படி செய்தார்கள். எது இல்லாவிட்டாலும் திரையில் அந்தப் பாதையோடு செய்தி வரும். "சார், மிஷின் எடுக்கலை" என்று போன் வந்தால் இனி அந்த நான்கு வரியைப் படிக்கச் சொன்னால் போதும்.

பார்கோடு கோடுகளாக அச்சாகிறது. வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகிறது. தயாரிப்பாளரிடம் 64-பிட் டிஎல்எல் கேட்டிருக்கிறார்கள். அது வரும்வரை 'வின்-எக்ஸ்86' வரியைத் தொடக் கூடாது என்று புராஜெக்ட் கோப்பிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.